பதினான்காவது முளை

15-1-1977, சனி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். லெவல் மறுபடியும் க்ளோஸ் ஆகவில்லை, தொடங்கிய எண்ணுக்குக் கணக்கு திரும்பி வரவில்லை. பதினான்காவது முளையும் இருபத்திரண்டாவது முளையும் போன வாரம் இருந்ததைவிட ஒரு விரல்கடை தாழ்ந்து காட்டின. மட்டம் பார்க்கத் தரையில் அடித்த முளைக்குச்சி தானாக இறங்காது. படித்த கண்தான் தப்பாகப் படித்திருக்கும். ஆகவே இரண்டு எண்களையும் பழைய கணக்குக்குப் பொருந்தும்படி திருத்தி எழுதினேன். இன்ஜினியரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் ஸ்டாஃப் அளவுகோலை இரண்டு தடவை சரிபார்க்கவும்.

எழுதியதை உமாபதி ஒருமுறை படித்துப் பார்த்தான். 'ஒரு விரல்கடை' என்பது சர்வே படித்தவன் எழுதுகிற அளவா என்று சந்தேகம் வந்தது. அடித்துவிட்டு 'ஒன்றரை சென்டிமீட்டர்' என்று மேலே எழுதினான். பிறகு அதுவும் சரிதானா என்று தோன்ற, இரண்டையும் விட்டுவைத்தான்.

அவனுக்கு இருபத்து நாலு வயது. விருத்தாசலத்துக்காரன். துபாய்க்கு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சத்வாவில் ஐந்து பேரோடு ஓர் அறை. பகலில் ஜெபல் அலியில் சர்வே வேலை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பர்துபாயில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த அரபி வகுப்பு. அங்கே பாடம் நடத்திய இத்ரீஸ் வாத்தியார் சூடான்காரர். "தினம் நாலு வரி டைரி எழுதுங்கள். எந்த மொழியானாலும் சரி. அன்றைக்குக் காதில் விழுந்த ஒரு அரபிச் சொல் அதில் இருக்க வேண்டும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வகுப்பில் மற்ற எல்லாரும் பத்து நாளில் அதைக் கைகழுவிவிட்டார்கள். உமாபதி மட்டும் விடவில்லை. அரபி எழுத்து இன்னும் கைவராததால் சொற்களைத் தமிழிலேயே எழுதிக்கொண்டான்.

ஜெபல் அலியில் அப்போது கடலைத் தரைக்குள் கொண்டுவருகிற வேலை நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்காக வெட்டிய பள்ளத்தின் மண் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. அந்த இரைச்சலை விட்டுத் தள்ளி, கரையோரமாக, உமாபதியின் கம்பெனி ஒரு கேம்ப் போட்டுக்கொண்டிருந்தது. தகர போர்ட்டா கேபின்கள் இரண்டு வரிசை ஏற்கெனவே நின்றன. அறுபது பேர் அவற்றில் குடிவந்துவிட்டார்கள். மூன்றாவது, நான்காவது வரிசைக்கும் தண்ணீர் டாங்கிக்கும் இடத்தைச் சமன்படுத்த வேண்டும். அடுத்த செட் ஆட்கள் பம்பாயில் விமானத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஊர் இருந்திருக்கிறது.

அதை முதலில் பார்த்தவன் உமாபதிதான். மணலில் முழங்கால் உயரத்துக்குப் பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர்களின் அடிவரிசை. ஒரு மூலையில் சிப்பி ஓடுகள் குவிந்து வெயிலில் வெளுத்துக் கிடந்தன. உடைந்த பானை ஓடுகளோடு கழுத்தொடிந்த ஒரு நீலக் கண்ணாடிப் புட்டியும் கிடந்தது. நடுவில் வண்டிச் சக்கர அகலத்துக்கு வட்டமாக ஒரு கல்கட்டு. உள்ளே மணல் மூடியிருந்தது. சுற்றிலும் பேரீச்சை அடிமரங்கள். மரங்கள் இல்லை, வெட்டியெடுத்தபின் மிஞ்சிய அடிகள் மட்டும். வரைபடத்தில் குறிக்கும்போது எண்ணிப் பார்த்தான், இருபத்து நாலு இருந்தன. ஒவ்வொன்றும் கோடாரியால் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருந்தது.

அதுதான் அவனை உறுத்தியது. இந்த மண்ணில் ஒரு பேரீச்சையை வளர்த்தெடுப்பது பிள்ளையை வளர்ப்பது மாதிரி. காய்க்கிற மரத்தை யார் வெட்டுவார்கள்? வெட்டினாலும், வெட்டிய மரங்கள் எங்கே?

"அதையெல்லாம் நீ ஏன்யா யோசிக்கிறே?" என்றார் வெங்கட்ராமன். அவர்தான் சைட் இன்ஜினியர். மாம்பலத்தில் வளர்ந்தவர். குடும்பத்தோடு தேராவில் இருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "பள்ளம் இருக்கா, கிணறு இருக்கா, பாரு. இருந்தா குறி. மூடிட்டு மேல போவோம். நான் சரித்திர ஆராய்ச்சிக்கா உன்னை வச்சிருக்கேன்?"

டைரியில் அந்தத் தவறை எழுதிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு பழைய லேண்ட்ரோவர் மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் உள்ளூர் இளைஞன். பக்கத்தில் ஒரு வயதான அரபிப் பெண். முகத்தில் பொன்வண்டு நிறத்தில் மின்னுகிற துணிக்கவசம். அவள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கல்கட்டையும் சுவர் வரிசையையும் வெகுநேரம் பார்த்தாள். தகர கேபின்களைப் பார்த்ததும் கையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"பியார்! பியார் ஜித்தாம்!"

உமாபதி ஓடிப்போய் நின்றான். வகுப்பில் படித்ததை நினைவுபடுத்தி, "வெய்ன்?" என்று கேட்டான். எங்கே என்று அர்த்தம்.

"ஜித்தாம், ஜித்தாம்!" கை கடல்பக்கமாக வீசி வீசி அடித்தது. அவள் குரலில் கோபமா பயமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"யல்லா, யும்மா. கலாஸ்" என்றான் ஓட்டி வந்த மகன் சலிப்பாக. போதும், போகலாம் அம்மா என்று. வண்டி திரும்பியது. திரும்பிய பிறகும் அந்தக் கை வெளியே நீண்டே இருந்தது.

டோசரை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மரியராஜ் தொடையில் தட்டிச் சிரித்தான். அவன் குளச்சல்காரன். டோசர் ஆபரேட்டர். முதலில் சத்வாவில் உமாபதிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன், கேம்ப் போட்டதும் இங்கேயே இரண்டாவது வரிசைக்குக் குடிவந்துவிட்டான்.

"லே உமாபதி, கெழவி உனக்கிட்ட என்னலே சொல்லிச்சு? பியாரா? லே மக்கா, ஒன்பது மாசமா நான் இங்க கெடக்கேன், ஒருத்தி எனக்கிட்ட பியார்னு சொல்லல்ல!"

கூட இருந்த பாகிஸ்தான்காரர்களுக்கும் அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. "வாஹ், பாய்! பியார்!" என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்தியில் அதற்குக் காதல் என்று பொருள். உமாபதிக்குக் காது மடல் சூடானது.

"அது 'பீர்'ணே. கிணறுன்னு அர்த்தம்."

"பீரா? அப்ப அது பியாரவிட நல்ல சாதனம்! எங்கலே இருக்கு? தோண்டு, தோண்டு!"

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் டைரியைத் திறந்துவைத்துக்கொண்டு உமாபதி அந்தச் சொற்களோடு மல்லுக்கட்டினான். 'பியார்' என்று அவன் கையிலிருந்த அகராதியில் இல்லை. கிணறுக்கு 'பிஃர்', பேச்சில் 'பீர்'. பல கிணறுகளுக்கு 'ஆபார்'. ஆகவே கிழவி சொன்னது பீர்தான். பல் இல்லாத வாய், கவசம் வேறு, இழுத்துச் சொல்லியிருப்பாள். இனி 'ஜித்தாம்'. அதுவும் புத்தகத்தில் இல்லை. ஆனால் இதற்கு அவனிடம் ஒரு விதி இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் 'க'வைச் சில இடங்களில் 'ஜ' ஆக்குவார்கள் என்று இத்ரீஸ் வாத்தியார் சொல்லியிருந்தார். பக்கத்தில் என்று பொருள்படும் 'கரீப்' என்பதை 'ஜிரீப்' என்பார்களாம். அப்படியானால் ஜகரத்தை எடுத்துவிட்டுக் ககரத்தைப் போட வேண்டும். கிடைத்தது: 'கதீம்'. பழைய.

பீர் கதீம். பழைய கிணறு.

காதில் விழுந்தது 'தாம்', அகராதியில் இருப்பது 'தீம்'. அந்த ஒரு எழுத்து நெருடியது. ஆனால் தன் காதையும் அகராதியையும் எதிரெதிரே நிறுத்தினால் எதை நம்புவது? காதில் விழுந்ததை அடித்துவிட்டுத் திருத்தியதை எழுதினான்.

திங்களன்று காலை தண்ணீர் டாங்கர் வந்தபோது கலீல் ரஹ்மானிடம் கேட்டான். அவர் காயல்பட்டினத்துக்காரர். பதினைந்து வருஷமாக இந்தக் கரையில் வண்டி ஓட்டுகிறவர். அரபியைத் தாய்மொழி மாதிரி பேசுவார். அவர் ஊர் வழக்கில் அண்ணனுக்குக் காக்கா என்று பெயர்.

"காக்கா, பீர் கதீம்னா பழைய கிணறுதானே?"

"அதேதான். நல்லா படிக்கிறியே." குழாயைத் தொட்டியில் சொருகிக்கொண்டே சொன்னார். "ஏன், இங்கே கிணறு இருக்குன்னு யாரும் சொன்னாங்களா? இருக்கும், இருக்கும். இது ஊரு இருந்த இடம்லா."

"என்ன ஊரு காக்கா?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும். எதிர்க்கரையில, ஈரான் பக்கம் இருந்து தோணியில வந்தவங்களாம். ஏழெட்டுக் குடும்பம். அதுக்கு முன்னாடி இந்தக் கரையில ஒருத்தரும் வீடு கட்டி இருந்ததில்லையாம். இவங்கதான் முதல்ல மண்ணத் தோண்டி தண்ணி பார்த்து, மரம் வச்சு, மீன் பிடிச்சு இருந்திருக்காங்க. பொறவு ஒருநாள் எல்லாரும் போயிட்டாங்க."

"ஏன்?"

"தண்ணி உப்பாப் போச்சுன்னு ஒருத்தர் சொல்வார். இன்னொருத்தரக் கேட்டா, ஒரு வீடு அப்படியே மண்ணுக்குள்ள போயிடுச்சு, படுத்திருந்தவங்களோடன்னு சொல்வார். சோறு வடிச்ச பானையக்கூட எடுக்காம போனாங்களாம்." கலீல் ரஹ்மான் வால்வைத் திருகினார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இங்கே உள்ள பதுக்கள் யாரும் இந்த இடத்துல ராத்தங்க மாட்டாங்க. ஆடுகூட கட்ட மாட்டாங்க."

பதுக்கள் என்றால் பாலைவனத்து அரபிகள். உமாபதி கேபின்களைத் திரும்பிப் பார்த்தான். கொடியில் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன.

உமாபதி பழைய கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டு வெங்கட்ராமன் அவன் தோளைத் தட்டினார். "பாத்தியா, அரபி கிளாஸ் வேஸ்ட் இல்லே." வரைபடத்தில் அந்த வட்டக் கல்கட்டின் மேல் 'பழைய கிணறு' என்று எழுதச் சொன்னார். அதை மூட உடைகல் ஒரு லாரி வந்து இறங்கியது. நாலு கூடை போடுவதற்குள் கல்கட்டு நிறைந்து வழிந்தது. மீதிக் கல் அப்படியே பக்கத்தில் குவிந்து கிடந்தது.

"இது என்ன கெணறுலே?" மரியராஜ் குனிந்து பார்த்தான். "எனக்க அம்ம கஞ்சி வைக்குத பானை இதவிட ஆழம்."

"மணல் தூர்ந்து போயிருக்கும்ணே."

"என்னவோ. நீ படிச்சவன்." அவன் காறித் துப்பிவிட்டுத் திரும்பினான். "ஒரு காரியம் கேட்டியா. எனக்க ரூம் கதவு அடைய மாட்டேங்கு. போன வாரம் நல்லா அடைஞ்சுது. இப்ப ராத்திரி தானா தொறந்துட்டு நிக்குது. மத்தவனுவ எல்லாம் நான்தான் தொறந்து போட்டுட்டு உறங்குதேன்னு ஏசுதானுவ."

உமாபதி போய்ப் பார்த்தான். கேபின் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. அல்லது இல்லை. அதை வைத்தபோது மட்டம் பார்த்தவனும் அவன்தான். அப்போதே சரியாகப் பார்க்கவில்லையோ? வெட்கத்தோடு ஒரு மரத்துண்டைக் கடல்பக்க மூலையில் ஆப்பாக அடித்துக் கொடுத்தான். கதவு அடைந்தது. அந்த மூலையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருபத்திரண்டாவது முளை நின்றது.

செவ்வாயன்று காலை ஆப்பு தளர்ந்து கீழே விழுந்து கிடந்தது.

அன்றைக்கு லெவலை ஆரம்பத்திலிருந்து போட்டான். ஸ்டாஃப் கோலைப் பிடிக்கிறவனை இரண்டு தடவை நிமிர்த்தி நிறுத்தினான். பதினான்கும் இருபத்திரண்டும் இன்னும் தாழ்ந்திருந்தன. மற்ற முளைகள் அத்தனையும் சரியாக இருந்தன. ஒரே கண், ஒரே கருவி, இரண்டு இடத்தில் மட்டும் ஏன் தப்புகிறது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று டைரியில் எழுதினான். பதினான்காவது முளையைச் சுற்றி மணல் அந்த உச்சிவெயிலிலும் ஈரமாக இருந்தது. அதையும் எழுதினான். பனி என்று காரணம் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை வகுப்பில் பாடம் இடங்களைப் பற்றியது. மேலே, கீழே, பின்னால், முன்னால். இத்ரீஸ் வாத்தியார் பலகையில் ஒரு வீட்டையும் ஒரு காரையும் வரைந்தார். கார் பார்ப்பதற்கு ஆடு மாதிரி இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்க வேண்டாம். இது கார். எங்கே நிற்கிறது? குத்தாம் அல்பைத். வீட்டுக்கு முன்னால்." சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார். "புத்தகத்தில் குத்தாம். எங்கள் சூடானில் கித்தாம். இந்த ஊர்க்காரர்கள் ஜித்தாம் என்பார்கள். மூன்றும் ஒன்றுதான். முன்னால்."

உமாபதியின் பென்சில் நின்றுவிட்டது.

ஜித்தாம். பழைய கிணறு இல்லை. கிணறு முன்னால். கல்கட்டுக்கு முன்னால், கடல்பக்கம், அவள் கை வீசி அடித்த பக்கம். காது சரியாகத்தான் கேட்டிருந்தது. கல்கட்டுக்கு நேர் முன்னால், கடல்பக்கத்தில், அவன் அடித்த முளை பதினான்காவது.

நாளைக் காலை மரியராஜ் டோசரை அங்கேதான் இறக்குகிறான்.

வகுப்பு முடிந்ததும் அப்ராப் படகு பிடித்துக் கடற்கழியைத் தாண்டி தேராவுக்குப் போனான். கேம்ப்பில் போன் கிடையாது. அந்த நேரத்துக்கு ஜெபல் அலிக்குப் போக வண்டியும் கிடைக்காது. வெங்கட்ராமன் வீட்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்தான். இரண்டாவது மாடியில் விளக்கு எரிந்தது. ஒரு குழந்தை இங்கிலீஷில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. குக்கர் விசில் அடித்தது. மேலே போய் என்ன சொல்வது? வகுப்பில் ஒரு சொல் படித்தேன் சார், அதனால் வேலையை நிறுத்துங்கள் என்றா? நான் எழுதிய எண்ணையே நான்தான் திருத்தினேன் என்றா? ஒருவேளை இப்போது நினைப்பதும் தப்பாக இருந்தால்? படிக்கட்டில் ஒரு கால் வைத்தான். குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. காலையில் முதல் ஆளாகப் போய்விடலாம் என்று திரும்பிவிட்டான்.

காலையில் பனிமூட்டம்.

ஜனவரியில் அந்தக் கரையில் சில நாள் அப்படி இறங்கும். கம்பெனி பிக்கப் நத்தை மாதிரி ஊர்ந்தது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினான். "ஜல்தி, பாய்" என்று உமாபதி சொல்லும்போதெல்லாம் அவன் "மரனா ஹை க்யா?" என்று திருப்பிக் கேட்டான். சாக வேண்டுமா என்று.

கேம்ப் வாசலில் இறங்கியபோதே டோசரின் உறுமல் கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. வெள்ளைப் பனிக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் அது கேட்டது. உமாபதி ஓடினான். சுவர்க் கல்லில் இடறி விழுந்து எழுந்தான். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பனிக்குள் முதலில் இரண்டு மஞ்சள் விளக்குகள், பிறகு தகட்டின் விளிம்பு. அதற்கு முன்னால் மணல் சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"நிறுத்துண்ணே! நிறுத்து!"

டோசர் ஒரு குலுக்கலோடு நின்றது. மரியராஜ் எழுந்து நின்று கத்தினான்.

"லே! சாவணும்னு நேர்ச்சையாலே? நான் பாக்கல்லன்னா கூழாயிருப்பியே!"

"பின்னால எடுண்ணே. வந்த தடத்திலேயே எடு. திருப்பாத."

"என்ன சங்கதி?"

"கிணறு இங்கதான் இருக்கு. நமக்கு முன்னால."

மரியராஜ் அவன் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. கடலில் தொழில் செய்தவன். முன்னால் ஆபத்து என்று ஒருவன் கத்தினால் முதலில் பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவன். வந்த தடத்திலேயே மெல்லப் பின்னுக்கு எடுத்து, சுவர்களுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினான்.

வெங்கட்ராமன் வந்தபோது பனி பாதி கலைந்திருந்தது. டோசர் சும்மா நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார்."

"நீயா? கிணத்தைத்தான் மூடியாச்சே. நீதானே வரைஞ்சு குடுத்தே?"

"தப்பா வரைஞ்சிட்டேன் சார். அந்தம்மா முன்னால கிணறுன்னு சொன்னாங்க. நான் பழைய கிணறுன்னு எழுதிட்டேன்."

"என்னய்யா இது, சின்னப் புள்ளைங்க விளையாட்டா? சனிக்கிழமை ஆளுங்க வராங்க. அவங்களை எங்க படுக்க வைப்பே, உன் டைரியிலயா?"

உமாபதி மண் சோதிக்கிற நீளக் கம்பியை எடுத்தான். கல்கட்டிலிருந்து கடல்பக்கமாக நடந்து, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை மரியராஜிடம் கொடுத்தான். முளையருகே மண்டியிட்டுக் கம்பியைக் குத்தினான். முழங்கால் ஆழத்தில் கம்பி எதிலோ தட்டியது. கல் இல்லை. மெத்தென்று, ஊறிப்போன மரம். கொஞ்சம் அழுத்தினான். அது பிய்ந்தது. கம்பி அவன் கையிலிருந்து நழுவிப் போய்விட்டது.

ஆளுயரத்துக்கு மேல் நீளமான கம்பி. முழுதாக உள்ளே போய்விட்டது. பிறகு அடியிலிருந்து, தண்ணீர் என்றும் சொல்ல முடியாத, சேறு என்றும் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. துளை வழியாக அழுகின வாடை மேலே ஏறியது.

"மாதாவே" என்றான் மரியராஜ். கயிற்றைப் பிடித்து உமாபதியை இழுத்தான்.

டோசர் தகடு தள்ளி வந்த மணல் விளிம்பு அந்த இடத்துக்கு ஒரு பாய் நீளம் இப்பால் நின்றிருந்தது.

வெங்கட்ராமன் தொப்பியைக் கழற்றினார். "பலகை போட்டு மண்ணை ஒதுக்குங்க. பார்த்து" என்றார். குரல் இறங்கிவிட்டது.

மத்தியானத்துக்குள் வாய் தெரிந்தது. நாலு பேரீச்சை மரங்களைப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, மேலே ஓலைப்பாய் விரித்து மூடியிருந்தார்கள். பாய் மக்கிக் கருப்பாகியிருந்தது. மரங்களின் நடு ஊறித் தொய்ந்திருந்தது. காய்க்கிற மரங்களை ஏன் வெட்டினார்கள் என்பது இப்போது புரிந்தது. வேறு மரம் இந்தக் கரையில் ஏது? போகிறவர்கள், தங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரும் விழுந்துவிடக் கூடாதென்று, தங்கள் மரங்களையே வெட்டி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நல்லதுதான் நடந்தது என்று எல்லாருக்கும் தோன்றியது. மரியராஜ் எல்லாரிடமும் போய், "எனக்க உயிரு ஒரு கெழவிக்க பியார்ல தப்பிச்சுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வெங்கட்ராமன்கூட, "சாயந்திரம் உனக்கு டீ நான் வாங்கித்தரேன்யா" என்றார். உமாபதி மட்டும் சிரிக்கவில்லை. அவன் வரைபடத்தை விரித்துவைத்து அடிமரக் குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து நாலு. இந்தக் கிணற்றுக்கு நாலு போயிற்று.

சாயங்கால டாங்கர் வந்ததும் எழுந்து போனான்.

"காக்கா, ஞாயித்துக்கிழமை வண்டியில ஒரு அரபியம்மா வந்து சொன்னதை நான் அன்னிக்கு உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். அவங்க பீர்னு சொல்லலே. பியார்னுதான் சொன்னாங்க. பியார் ஜித்தாம்."

கலீல் ரஹ்மான் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"பியார்னா? நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன். என் காதுல அப்படித்தான் விழுந்தது."

"அட அல்லாஹ்வே. பீர்னா ஒண்ணு. பியார்னா நெறைய. புத்தகத்துல ஆபார்னு போட்டிருப்பான். இங்கே உள்ளவங்க வாயில பியார்தான்." அவர் குழாயைக் கீழே வைத்தார். "கிணறுகள் முன்னால இருக்குன்னு சொல்லியிருக்கு அந்த உம்மா. சின்னதுல இந்த ஊர்ல இருந்தவங்களா இருக்கும். தண்ணி உப்பாக உப்பாக ஒண்ண மூடிட்டு அடுத்ததைத் தோண்டியிருப்பாங்கபோல. அந்த வட்டக் கல்லு ஆட்டுக்குத் தண்ணி வச்ச தொட்டியா இருக்கும்."

உமாபதி கேபின்களைப் பார்த்தான். இரண்டாவது வரிசை, கல்கட்டுக்கு முன்னால், கடலைப் பார்த்து. மரியராஜ் அறையின் கதவு திறந்து கிடந்தது. அதன் மூலையருகே இருபத்திரண்டாவது முளை. முளையின் தலை மட்டும்தான் மணலுக்கு மேலே தெரிந்தது. அவன் அதை அடித்தபோது கணுக்கால் உயரம் விட்டிருந்தான்.

இந்தத் தடவை அவன் அகராதியைத் தேடவில்லை. நேராக வெங்கட்ராமனின் அறைக்குப் போய், அவர் டீயை வாயில் வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொன்னான். திருத்தி எழுதிய இரண்டு எண்களையும் சொன்னான். அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"எத்தனை பேர் உள்ள இருக்காங்க?"

"டூட்டி முடிஞ்சு எல்லாரும் வந்துட்டாங்க சார். அறுபது பேர்."

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. யாரும் ஓடக் கூடாது. ஒவ்வொருத்தரா."

பொழுது சாய்வதற்குள் அறுபது பேரும் பாய், தலையணை, டிரங்குப் பெட்டி, டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தார்ரோட்டோரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவரும் தர்க்கம் செய்யவில்லை. கதவு கதையும் கிணற்றுக் கதையும் அதற்குள் கேம்ப் முழுக்கப் பரவியிருந்தது. ரோட்டோரம் கட்டில்கள் வரிசையாக நின்றன. எதிரே கேபின்கள் விளக்கில்லாமல் இருண்டு கிடந்தன. கடற்காற்றில் ஒரே ஒரு கதவு மட்டும் அடைவதும் திறப்பதுமாக இருந்தது.

"எனக்க கதவுதான்" என்றான் மரியராஜ். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நேத்து ராத்திரி அங்கதானே உறங்கினேன்."

உமாபதி அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரோட்டு விளக்கின் வெளிச்சத்தில் டைரியைத் திறந்தான்.

20-1-1977, வியாழன்.

மூடிய கிணறு ஒன்று கிடைத்தது. அதற்கு நாலு மரம். அடிமரம் மொத்தம் இருபத்து நாலு. மீதி இருபது. கிணற்றுக்கு நாலு என்றால் இன்னும் ஐந்து கிணறு. சனிக்கிழமை நான் திருத்திய இரண்டு எண்களும் முதலில் படித்தபடியே சரி. திருத்தியதை அடித்துவிட்டேன். இன்றைய சொல்: பியார். கிணறுகள். கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

நாளை வெள்ளி, எனக்கு லீவு இல்லை. விடிந்ததும் இடுப்பில் கயிறு கட்டி, புதுக் கம்பியோடு, இரண்டாவது வரிசையில் மரியராஜ் அறையின் கடல்பக்க மூலையிலிருந்து குத்திப் பார்க்க வேண்டும்.